உப்பா, புரதமா? பாகல் விதையோடு ஒரு படிக அனுபவம்

பாகற்காயை வகுந்து, உள்ளே இருக்கும் விதையை வழித்துக் குப்பையில் போடுகிறோம் அல்லவா, அந்த விதைக்குள் ரைபோசோமை முடக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. ஆல்ஃபா மொமோர்காரின் என்று பெயர். பெங்களூரில் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் அதையும் அதன் சொந்தக்காரப் புரதங்களையும் படிகமாக்கி, எக்ஸ்-கதிரில் காட்டி, அவற்றின் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டறிவதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் போனில் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் புரதம் செய்யும் எந்திரம் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் சேர்த்து 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த ரைபோசோமின் பெரிய பாதியில் 28எஸ் என்று ஒரு நீளமான ஆர்என்ஏ இழை உண்டு. ஐயாயிரம் எழுத்துகளுக்குப் பக்கமாக வரும். அதில் ஒரே ஒரு அடினைனை மட்டும் இந்தப் புரதம் கிள்ளி எடுத்துவிடும். இழை அறுவதில்லை, எழுத்து மட்டும்தான் போகிறது. அவ்வளவில் ரைபோசோம் செத்த மாதிரி. எலி ரைபோசோமில் அது 4324ஆம் இடத்து அடினைன் என்று 1987இல் ஜப்பானில் எண்டோவும் சுருகியும் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது ஆமணக்கு விதையின் ரைசின். அதே வருடம்தான் அமெரிக்காவில் ராபர்டஸ் குழு ரைசினின் படிக அமைப்பையும் வெளியிட்டது.

ஆமணக்கு என்றதும் எல்லோருக்கும் பயம் வரும், வரவேண்டும். ரைசின், குன்றிமணியின் அப்ரின் இரண்டும் வகை 2. அவற்றில் வெட்டும் வேலைக்கு ஏ சங்கிலி, செல்லின் மேல்பரப்பில் இருக்கும் காலக்டோஸைப் பிடித்து உள்ளே நுழைய பி சங்கிலி என்று இரண்டு துண்டுகள். பாகல் விதைப் புரதம் வகை 1. அதில் வெட்டுகிற துண்டு மட்டும்தான், நுழைவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் ரைசினோடு ஒப்பிட்டால் அதன் நஞ்சு மிகக் குறைவு. பொரியல் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், வேகும்போது புரதம் உருக்குலைந்துவிடும். ஆனால் பச்சை விதையை அரைத்து மருந்தென்று குடிக்கிற யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள். இதே குடும்பத்து ட்ரைக்கோசாந்தினைச் சீனாவில் கருக்கலைப்புக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு என் முதல் யோசனை இதிலிருந்துதான் வருகிறது: ஆமணக்கு, குன்றிமணி பக்கம் போகாதீர்கள். ரைசின் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்தியாவில் அதற்கென்று 2000ஆம் வருடச் சட்டமும் உண்டு. அனுமதி, பாதுகாப்பு என்று பெரிய ஏற்பாடு உள்ள இடங்கள் செய்யட்டும். அமைப்பைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் சாதுவான சொந்தக்காரர்களை வைத்தே கேட்கலாம். புடலங்காய் விதையின் லெக்டினை, அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதத்தை, பாருங்கள். அது வகை 2இன் அச்சு அசல் சாயல், ஆனால் நஞ்சில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் விஜயன் குழுவும் ஹைதராபாத், ஜெர்மனி ஆட்களும் சேர்ந்து 2013இல் அதன் வரிசையையும் அமைப்பையும் வெளியிட்டார்கள். வெட்டுகிற சங்கிலியே அதில் இரண்டாகத் துண்டுபட்டு, மொத்தம் மூன்று சங்கிலியாக இருக்கிறது. அப்படியும் வடிவம் குலையவில்லை. வெட்டும் இடத்திலும் சர்க்கரையைப் பிடிக்கும் இடத்திலும் நடந்த மாற்றங்கள் சேர்ந்துதான் அதைச் சாதுவாக்கின என்று எழுதியிருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸில் பாகலின் காட்டு உறவான மொமோர்டிகா பால்சமினாவின் புரதத்தை வைத்து நிறைய அமைப்புகள் வந்திருக்கின்றன. ஆக, வீட்டுக் கொடிகளிலேயே வேலை ஏராளம்.

விதை வாங்குவதில் ஒரு சின்னச் சூட்சுமம். கே.ஆர். மார்க்கெட் பக்கம் விதைக் கடைகளில் கிடைக்கும் பாக்கெட் விதைகளில் பல ரோஸ் நிறத்தில் பூஞ்சை மருந்து பூசியவை. அது நமக்கு ஆகாது. காய்கறிக் கடைப் பாகலில் விதை முற்றியிருக்காது. பழுத்து ஆரஞ்சு நிறமாகி, வெடித்து, உள்ளே சிவப்புச் சதையோடு விதை தெரிகிற பழம்தான் வேண்டும். அதை யார் விற்பார்கள்? தர்மபுரிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொடியில் அம்மா விதைக்கென்று விட்டுவைத்ததைத்தான் கடைசியில் பஸ்ஸில் வரவழைத்தேன். ஒரே கொடி, ஒரே ரகம் என்பதில் இன்னொரு லாபமும் இருந்தது. பல ரகம் கலந்த விதையில் ஒரே புரதத்துக்கு ஓரிரண்டு அமினோ அமிலம் மாறிய பல வடிவங்கள் வரும். புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரியும், படிகத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்துவிடும். பிரித்தெடுக்கும் முறையை விரிவாக எழுதப்போவதில்லை, உங்கள் ஆய்வகத்து முறையே போதும். ஜெல்லில் ஒற்றைக் கோடு வந்துவிட்டது என்று படிகத் தட்டு போட உட்காராமல், நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) புரதத்தின் நிறையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள் என்பதோடு விடுகிறேன்.

இப்போது படிகம். இருபத்து நான்கு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அரை மில்லி கரைசல், விளிம்பைச் சுற்றி கிரீஸ். கண்ணாடி வில்லையில் ஒரு மைக்ரோலிட்டர் புரதம், ஒரு மைக்ரோலிட்டர் குழிக் கரைசல், இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து மூட வேண்டும். சொட்டில் இருக்கும் நீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகப் போக, புரதம் நெருக்கடிக்குள்ளாகும். பக்குவம் சரியாக இருந்தால் வரிசை கட்டி நிற்கும், இல்லையென்றால் பழுப்பாகத் திரண்டு வண்டலாகிவிடும். கிரீஸ் போடுவது ஏதோ எடுபிடி வேலை என்று புதுப் பிள்ளைகள் அலட்சியமாகச் செய்வார்கள். வட்டத்தில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் குழி காய்ந்துவிடும். வில்லையை வைத்து லேசாக ஒரு திருகு திருகினால் கிரீஸ் முழு வளையமாகப் படிவது கண்ணுக்கே தெரியும். அது தெரியாமல் அடுத்த குழிக்குப் போகக்கூடாது.

தட்டுகள் இருபது டிகிரி அறையில் இருக்க வேண்டும். பெங்களூரில் ஏசி எதற்கு என்று கேட்கும் காலம் மலையேறிவிட்டது. ஏப்ரலில் சனி ஞாயிறு ஏசி நின்றுபோனால் திங்கட்கிழமை காலை தட்டுகள் வேறு கதை சொல்லும். அறைக்குள் பத்து ரூபாய்க் குறிப்பேடு ஒன்று வைத்து, தட்டு பார்க்க வருகிற எல்லோரும் வெப்பநிலையை எழுதிவிட்டுப் போகும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். விலை உயர்ந்த எந்தக் கருவியையும் விட அந்த நோட்டு எங்களுக்கு உதவியது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் அண்ணன். பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வாக்கியத்துக்கு நடுவில் கன்னடம் தாராளமாக வந்து விழும். நல்ல பட்டை தீட்டின மாதிரி ஒரு படிகம் என் சொட்டில் வளர்ந்திருந்தபோது அவரைத்தான் கூப்பிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் இரண்டு விநாடியில் நிமிர்ந்துவிட்டார்.

“இது நம்ம புள்ள இல்லம்மா. உப்பு.”

“எப்படிண்ணே பார்த்தவுடனே சொல்றீங்க?”

“ரொம்ப அழகா இருக்குல்ல? அதான்.”

அழகை வைத்து முடிவு செய்ய முடியாதுதான், ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி நீர். துருவ ஒளியில் வைத்துத் திருப்பினால் மங்கலாகத்தான் நிறம் காட்டும். உப்பு பளீரென்று வானவில் காட்டும். மெல்லிய ஊசியால் தொட்டால் புரதம் கட்டித்தயிர் மாதிரி வெட்டுப்படும், உப்பு நறுக்கென்று ஊசியைத் திருப்பி அனுப்பும். நீலச் சாயம் ஒரு துளி விட்டால் புரதம் சாயத்தைக் குடித்து நீலமாகும், உப்பு வெள்ளையாகவே நிற்கும். இவை எல்லாவற்றையும் விட எளிது, காசில்லாதது, ஆனால் யாருமே செய்யாதது ஒன்று உண்டு: பக்கத்துக் குழியிலேயே, புரதத்துக்குப் பதில் வெறும் பஃபரை (புரதத்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைசலை) வைத்து ஒரு சொட்டு போட்டு வைப்பது. அங்கேயும் படிகம் வந்தால் கதை முடிந்தது. புரதத்தை பாஸ்பேட் பஃபரில் வைத்துக்கொண்டு, கால்சியமோ மக்னீசியமோ துத்தநாகமோ இருக்கும் கரைசலோடு கலந்தால் உப்புப் படிகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தட்டு போடும் முன் பஃபரை மாற்றிவிடுங்கள்.

நிஜமான படிகம் முதலில் எப்போதும் பரிதாபமாகத்தான் வரும். ஊசி ஊசியாக, கொத்தாக. அதை நொறுக்கி, நீர்க்க வைத்து, அதையே விதையாகப் புதுச் சொட்டில் இழுத்தால் தனித்தனிப் படிகங்கள் வளர வாய்ப்பு உண்டு. இழுக்க எதைப் பயன்படுத்துவது? உலகம் முழுக்க இந்தத் துறையில் பூனை மீசைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கேன்டீன் பூனை உதிர்த்த மீசை ஒன்றை அண்ணன் கவரில் போட்டு, அதன் மேல் ‘தொடாதே’ என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தார். மீசை நுனியால் பழைய கொத்தைத் தொட்டு, புதுச் சொட்டின் குறுக்கே ஒரே கோடு. சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டிலேயே, நாற்று நட்டது போல் வரிசையாகப் படிகங்கள் நின்றன. ஆய்வகத்தில் அன்று என் செலவில் காபி.

அப்புறம் உறைய வைக்கும் படலம். எக்ஸ்-கதிர் பட்டால் படிகம் சேதமாகும். அதைக் குறைக்க நூறு கெல்வின் குளிரில் வைத்து எடுக்கிறோம். அந்தக் குளிரில் நீர் பனிக்கட்டியாகிவிட்டால் படிகம் பாழ். அதனால் கிளிசரால் மாதிரி ஒன்றைச் சேர்த்து, கண்ணாடியாக உறையச் செய்ய வேண்டும். படிகத்தைப் பலி கொடுத்து அளவு கண்டுபிடிக்காதீர்கள். முதலில் படிகமில்லாத வெறும் கரைசலை, படிகத்தைத் தூக்கும் சின்ன வளையத்தில் எடுத்துக் குளிர் காற்றில் காட்டுங்கள். தெளிவாக உறைந்தால் சரி, பால் மாதிரி வெளுத்தால் கிளிசராலைக் கூட்டுங்கள். எக்ஸ்-கதிர் பிம்பத்தில் 3.67 ஆங்ஸ்ட்ராம் பக்கம் அடர்த்தியான வளையம் வந்தால் அது பனிக்கட்டி. மழைக்காலத்தில் காற்றின் ஈரமே படிகம் தூக்கும் வளையத்தில் பனியாகப் படிந்துவிடும், அப்போது கை கொஞ்சம் வேகமாக இருக்க வேண்டும்.

உள்ளூர் எக்ஸ்-கதிர் எந்திரத்தில் ஒரு படிகத்தின் முழுத் தகவலை எடுக்க ஒரு ராத்திரி போகும். பிம்பத்தில் விழும் புள்ளிகள் நெருக்கமாக, வரிசையாக, மையத்துக்கு அருகிலேயே ஆரம்பித்தால் புரதம். தூரதூரமாக நாலைந்து முரட்டுப் புள்ளிகள் மட்டும் இருந்தால், இவ்வளவுக்கும் பிறகு அது உப்பு! நல்ல படிகத்தை மிகப் பிரகாசமான எக்ஸ்-கதிர் தரும் இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் மாதிரி இடத்துக்குக் கொண்டுபோனால் அதே வேலை நிமிடங்களில் முடியும். திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் உலர் டிவார் குடுவையில் அனுப்ப வேண்டும். ‘கொட்டும் திரவம் இல்லை’ என்ற தயாரிப்பாளரின் காகிதத்தைப் பெட்டிக்கு உள்ளே வைக்காமல் வெளியே ஒட்டுங்கள், கார்கோ கவுன்டரில் அரை நாள் மிச்சமாகும்.

அமைப்பைத் தீர்ப்பது இந்தக் குடும்பத்தில் பெரிய தலைவலி இல்லை. மடிப்பு அவ்வளவு ஒன்றுபோல இருக்கிறது. தெரிந்த ஒரு சொந்தக்கார அமைப்பை மாதிரியாக வைத்துத் தேடினால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கட்டிய மாதிரியைச் சோதிக்க முதலில் திறப்பது ராமச்சந்திரன் வரைபடம். புரத இழையின் திருகுக் கோணங்கள் சாத்தியமான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் படம் அது. ஜி.என். ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டது. பிற்பாடு அவர் பெங்களூருக்கு வந்து இங்கேயும் ஒரு துறையை உருவாக்கினார். உலகத்தில் எந்த மூலையில் எந்தப் புரத அமைப்பு வந்தாலும் அந்தப் படத்தில் நின்று தேற வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் அதன் பெயரை உச்சரிக்கத் திணறும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதை மறைப்பானேன்.

சிக்கல் எல்லாம் வெட்டும் குழியில்தான், அதாவது அடினைன் வந்து உட்காரும் புரதத்தின் பள்ளத்தில். ரைசினில் டைரோசின் 80, டைரோசின் 123 (அமினோ அமிலத்தின் பெயரும் வரிசையில் அதன் இடமும்) என்று இரண்டு தட்டையான வளையங்கள், அடினைனை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளும். குளுட்டமேட் 177ம் ஆர்ஜினின் 180ம் சேர்ந்து பிணைப்பை அறுக்க உதவும். பாகல் புரதத்தில் அதே நால்வர் 70, 111, 160, 163 என்ற எண்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழியில் அடினைன் இருக்கும் அமைப்பை எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அடினைனோ தண்ணீரில் சுலபத்தில் கரையாத ஜன்மம், அறை வெப்பத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் போலத்தான். படிகத்தை ஊற வைத்து, தகவல் எடுத்து, எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் மின்னடர்த்தி வரைபடத்தைத் திறந்தால், குழியில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. மாதிரியில் நாம் வைக்காத ஏதோ அங்கே இருக்கிறது என்று அர்த்தம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஜூனியர் பெண் துள்ளிக் குதித்தாள். “அக்கா, அடினைன்!”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குழியில் ஏதோ இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கிளிசரால் போன்ற சின்ன மூலக்கூறுகள் காலியான குழிக்குள் போய்க் குடியேறுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம், நாங்களோ படிகத்தைக் கிளிசராலில் முக்கித்தான் உறைய வைத்திருந்தோம். “திட்டு தட்டையா இருக்கா, உருண்டையா இருக்கா, சுத்தித் திருப்பிப் பாரு” என்றேன். பக்கவாட்டில் திருப்பியதும் அது இரண்டு டைரோசினுக்கும் இணையாக நிற்கவில்லை. குட்டையாக, வளைந்து, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விடுவதாக இல்லை. அடினைனை உள்ளே வைத்துச் செம்மைப்படுத்திப் பார்த்தாள். வைத்த அடினைனின் அணுக்களுக்கு வெப்பக் காரணி (அணு எவ்வளவு அலைபாய்கிறது என்ற கணக்கு), சுற்றியுள்ள அமினோ அமிலங்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நின்றது. அதாவது, அங்கே அவ்வளவு பொருள் இல்லை என்று தகவலே சொல்கிறது. கிளிசராலை வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. அன்று மாலை அவள் சாப்பிடவே இல்லை.

அடுத்த முறை கிளிசராலை அறவே விட்டுவிட்டு, குறைந்த எடைப் பாலிஎத்திலீன் கிளைக்காலில் உறைய வைத்தோம். ஊற வைக்கும் நேரத்தையும் கூட்டினோம். ஜோடியாக, அடினைன் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் அப்படியே வைத்து இன்னொரு படிகமும் எடுத்தோம். இந்த ஜோடிப் படிகம்தான் முக்கியம், அது இல்லாமல் குழியில் எதையும் வைக்காதீர்கள். வரைபடம் திறந்தபோது, மாதிரியில் நாங்கள் எதையும் வைக்காமலேயே, இரண்டு டைரோசினுக்கு நடுவில் தட்டையாக, ஐந்து பக்க வளையமும் ஆறு பக்க வளையமும் ஒட்டிய உருவம் தெரிந்தது. ஜோடிப் படிகத்தில் அந்த இடத்தில் நீர் மட்டும். இரண்டையும் மேலே மேலே வைத்துப் பார்த்தால் டைரோசின் 70இன் வளையம் திரும்பி, அடினைனுக்கு இடம் விட்டு ஒதுங்கியிருப்பதும் தெரிந்தது. ரைசினின் டைரோசின் 80 இப்படித் திரும்புவதை முன்பே பார்த்திருக்கிறார்கள். நம் பாகலும் அதையே செய்வதைக் கண்ணால் பார்த்தது வேறு.

கட்டுரை மதிப்பீட்டுக்குப் போனபோது வந்த முதல் கேள்வியே “அது கிளிசரால் இல்லை என்று எப்படித் தெரியும்?” என்பதுதான். பதில் எழுத ஜூனியருக்கு அரை மணி நேரம் ஆகவில்லை.

இதையெல்லாம் பார்க்க ஆய்வகம் தேவை என்றில்லை. புரத அமைப்புகளின் பொதுக் களஞ்சியத்தில் ரைசின் 2ஏஏஐ என்ற குறியீட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, பைமால் (PyMOL) அல்லது கூட் (Coot) என்ற மென்பொருளில் திறந்து, ஏ சங்கிலியில் 80, 123, 177, 180 நான்கையும் குச்சி வடிவில் போடுங்கள். பிறகு புடலை லெக்டினையும் இறக்கி அதன் மேல் பொருத்தி, இரண்டிலும் அந்த நான்கு இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். லேப்டாப் பழசாக இருந்தாலும் ஓடும். முதலில் நீர் மூலக்கூறுகளை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை முழுக்க சிவப்புப் புள்ளியாக இருக்கும்.